கணினியில் வரும் மருந்துச் சீட்டையும் படித்துப் பார்க்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் உள்நோயாளிகளுக்கான மருந்தகத்தில், அதாவது எல்லோரும் ஐ.பி. பார்மசி என்று சொல்கிற இடத்தில், வேலை பார்க்கும் மருந்தாளுநர் நான். இப்போது சென்னை, கோவையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டுமில்லை, சிறு நகரங்களில் உள்ள நடுத்தர ஆஸ்பத்திரிகளும் மருந்துச் சீட்டைக் கணினிக்கு மாற்றிக்கொண்டு வருகின்றன. டாக்டர் திரையில் மருந்தைத் தேர்வு செய்கிறார், அது அப்படியே எங்கள் திரைக்கு வருகிறது, நாங்கள் பில் போட்டு வார்டுக்கு அனுப்புகிறோம், சிஸ்டர் நோயாளிக்குக் கொடுக்கிறார். கிறுக்கல் கையெழுத்துப் பிரச்சினை ஒழிந்தது, அதோடு மருந்துத் தவறும் ஒழிந்தது என்று நோயாளியின் வீட்டார் நம்புகிறார்கள். சில நிர்வாகங்களும் அப்படித்தான் நம்புகின்றன. அந்த நம்பிக்கை ஆளைக் கொல்லக்கூடியது என்பதால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினி வந்தது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் டாக்டர்கள் கணினி வழியாக மருந்து எழுதத் தொடங்கியபோது, யாரும் தடுக்காமல் நோயாளி வரை போய்ச் சேரும் கடுமையான மருந்துத் தவறுகள் 55 சதவீதம் குறைந்தன என்று 1998-லேயே ஆய்வு வெளிவந்தது. நம் நாட்டிலும் மருந்தின் மூலப் பெயரை, அதாவது ஜெனரிக் பெயரை, தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-இல் சொன்ன பிறகும் எத்தனை சீட்டுகளை நாங்கள் நாலு பேர் கூடி நின்று ஊகித்துப் படித்திருக்கிறோம் என்பது மருந்துக் கடையில் நின்ற எவருக்கும் தெரியும். அந்தக் கொடுமை போனது பெரிய நிம்மதி. ஆனால் எழுத்து தெளிவாக இருப்பதும் மருந்து சரியாக இருப்பதும் ஒன்றில்லை. தவறான மருந்து, தவறான அளவு, தவறான நோயாளி, எல்லாமே இப்போது அழகான எழுத்தில் அச்சாகி வருகிறது. அழகாக வருவதால் யாருக்கும் சந்தேகமும் வருவதில்லை.

ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது எந்த ஊரிலும் எந்த நாளும் நடக்கக்கூடியது. முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மருந்து கொடுக்கிறார்கள். நல்ல மருந்து, சரியாகச் சாப்பிட்டவர்கள் பல வருடம் கை கால் முடங்காமல் நிம்மதியாக நடமாடுகிறார்கள். ஆனால் இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் சில நாட்களிலேயே வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மஜ்ஜை வேலை செய்வதை நிறுத்தும், ரத்த அணுக்கள் சரியும், கிருமித் தொற்று வந்தால் தாங்க முடியாமல் ஆள் போய்விடுவார். உலகம் முழுக்க இந்த ஒரு தவறால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த மருந்தின் பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கூடவே எழுதுவார்கள். நம் ஊரில் மெத்தோட்ரெக்ஸேட் பரவலாக ஃபோலிட்ராக்ஸ் என்ற பெயரில் விற்கிறது, ஃபோலிக் ஆசிட் ஃபோல்வைட் என்ற பெயரில் விற்கிறது. டாக்டர் திரையில் முதல் மூன்று எழுத்தைத் தட்டினால் இரண்டும் பட்டியலில் மேலும் கீழுமாக வந்து நிற்கும். விரல் ஒரு வரி நழுவினால் போதும், தினம் ஒன்று போட வேண்டிய வைட்டமினுக்குப் பதில் வாரம் ஒரு தடவை போட வேண்டிய மருந்து தினம் ஒன்று என்று பதிவாகிவிடும். கையால் எழுதும்போது இந்தத் தவறு இந்த வடிவத்தில் வரவே வராது, முழுப் பெயரையும் எழுதியாக வேண்டும் இல்லையா. இது கணினியோடு சேர்ந்து வந்த தவறு.

சரி, மருந்தைச் சரியாகவே தேர்வு செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து எத்தனை வேளை என்ற கட்டம். நம் ஊர் வழக்கப்படி காலை-மதியம்-இரவு கணக்கில் 1-0-1, 1-1-1, 0-0-1 என்று பட்டியல் இருக்கும். வாரம் ஒரு முறை என்ற தேர்வு சில மென்பொருள்களில் இருக்கவே இருக்காது, இருந்தாலும் பட்டியலின் அடியில் எங்கேயோ கிடக்கும். அவசரத்தில் இருக்கும் டாக்டர் 1-0-0 என்று போட்டுவிட்டுக் குறிப்புக் கட்டத்தில் ‘வாரம் ஒரு முறை, செவ்வாய்’ என்று தட்டுகிறார். அவர் மனதில் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்தக் குறிப்பு என் திரையில் தெரியும், வார்டில் சிஸ்டர் பார்த்து மருந்து கொடுக்கும் அட்டவணையான டிரக் சார்ட்டில் அச்சாகாது. இப்படி ஒரு மென்பொருளை நானே பார்த்திருக்கிறேன், அதைச் சரிசெய்யச் சொல்லி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த இடத்தில் டாக்டரும் தப்புச் செய்யவில்லை, சிஸ்டரும் தப்புச் செய்யவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் மருந்தின் குணம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து அந்தச் சீட்டைப் படித்தால் மட்டும்தான் இது பிடிபடும்.

குழந்தைகள் வார்டு இன்னும் கவலை தரும் இடம். பாரசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் இருக்கும், கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளுக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் வரை இருக்கும். திரையில் சிரப்புக்குப் பதில் சொட்டு மருந்து தேர்வாகிவிட்டு அளவு 5 மில்லி என்றே நின்றுவிட்டால் குழந்தைக்குப் போவது 500 மில்லிகிராம், கொடுக்க நினைத்ததைப் போல நான்கு மடங்கு. குழந்தையின் எடை என்ன என்று பார்த்து, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று மனதில் ஒரு கணக்குப் போட்டால் அரை நிமிடத்தில் பிடித்துவிடலாம். ஆனால் அந்த எடை எங்கள் திரையில் இருக்க வேண்டுமே! பல இடங்களில் எடை நர்சிங் குறிப்பில் இருக்கும், சிறுநீரக ரிப்போர்ட் லேபில் இருக்கும், ஒவ்வாமை விவரம் அட்மிஷன் தாளில் இருக்கும், மருந்தாளுநருக்குத் தெரிவது மருந்தின் பெயர், எண்ணிக்கை, விலை, ஸ்டாக். இதை வைத்து பில் போடலாம், சரிபார்க்க முடியாது.

எலும்பு முறிவுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வலிக்கு பாரசிட்டமால் ஒரு கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தக் குழாய் வழியாக ஏறிக்கொண்டிருக்கிறது, அதுவே ஒரு நாளைக்கு 4 கிராம், பெரியவர்களுக்கான உச்ச வரம்பு. ராத்திரி லேசாகச் சுடுகிறது என்று டியூட்டி டாக்டர் டோலோ 650 தேவைப்பட்டால் என்று போடுகிறார். மறுநாள் எலும்பு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து அசெக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தோடு பாரசிட்டமால் கலந்த மாத்திரையை 1-0-1 என்று சேர்க்கிறார். மூன்று பெயர், மூன்று டாக்டர், மூன்று பில், உள்ளே போவது ஒரே மருந்து, வாங்கிக்கொள்வது ஒரே கல்லீரல். வியாபாரப் பெயரை மட்டும் அறிந்த மென்பொருளுக்கு இவை வேறு வேறு சரக்கு. இந்தியாவில் இருக்கிற அளவு கூட்டு மருந்துகளும் வியாபாரப் பெயர்களும் இருக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் நோயாளியின் முழுப் பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம் ‘நேற்றைய மருந்துகளை அப்படியே தொடர்க’ என்று ஒரு பொத்தான். டாக்டருக்கு நேரம் மிச்சம் என்பதற்காக வைத்தது, நல்ல எண்ணம்தான். வயதானவர் ஒருவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க எனாக்ஸாபரின் ஊசி இரண்டு வேளை போகிறது, சேர்ந்தபோது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவான கிரியேட்டினின் சரியாக இருந்தது. நாலு நாளில் சிறுநீரகம் மந்தமாகிவிடுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 30 மில்லிக்குக் கீழே போய்விட்டால் அந்த ஊசியை ஒரு வேளையாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தக் கசிவு. பொத்தானுக்கு அது தெரியாது, நேற்று சரியாக இருந்த சீட்டு இன்றைக்குத் தவறாகிவிட்டது என்பதை யாராவது லேப் ரிப்போர்ட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதோடு பெயர்க் குழப்பத்தையும் சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஓர் எழுத்து இனிஷியல்தான், ஒரே வார்டில் இரண்டு முருகன், மூன்று லட்சுமி இருப்பார்கள். திரையில் ஒருவருடைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு மருந்து போடுவது யாருக்கும் நேரக்கூடியது. நிமோனியாவுக்குச் சேர்ந்தவர் சீட்டில் திடீரென்று வலிப்பு மருந்து வந்தால் ‘இவருக்கு எதற்கு இது?’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

மென்பொருளே எச்சரிக்குமே, சிவப்புக் கட்டம் வருமே என்பார்கள். வரும், வந்துகொண்டே இருக்கும். சாதாரண ஆன்டாசிட்டுக்கும் வரும், உயிருக்கு ஆபத்தான கலப்புக்கும் அதே நிறத்தில் அதே அளவில் வரும். இந்த எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்களால் தள்ளிவிடப்படுகின்றன என்று 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். டாக்டர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு நூறு தடவை கத்துகிற ஒன்றை யாரால் ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துக் கேட்க முடியும்?

இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது 2013-இல் சான் பிரான்சிஸ்கோவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில் நடந்தது. உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவமனைகளில் ஒன்று, கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய மென்பொருள், மருந்து எடுத்துக் கட்டித்தர ரோபோ, கட்டிலருகே பார்கோடு, எல்லாம் உண்டு. 16 வயதுப் பையன், எடை 38.6 கிலோ. கோட்ரைமாக்ஸசோல், நம் ஊரில் செப்ட்ரான் என்றால் தெரியும், அவன் வழக்கமாக வேளைக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தான். 40 கிலோவுக்குக் கீழே என்பதால் எடைக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. டாக்டர் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று போட, கணக்கு 193 மில்லிகிராம் என்று வந்தது, மாத்திரை 160-தான். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்கு மேல் என்பதால் 160 என்று திருத்தி அனுப்புங்கள் என்று மருந்தாளுநர் செய்தி அனுப்பினார். டாக்டர் திறந்து 160 என்று தட்டினார். அந்தக் கட்டம் மில்லிகிராமில் இல்லை, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதில் நின்றது. ஒரு மாத்திரை முப்பத்தெட்டரை மாத்திரை ஆனது. எச்சரிக்கை வந்தது, டாக்டர் தள்ளிவிட்டார். சீட்டு மருந்தாளுநரிடம் திரும்பி வந்தது, அவருக்கும் எச்சரிக்கை வந்தது, தான் கேட்ட திருத்தம்தானே என்று அவரும் தள்ளிவிட்டார். சீட்டில் சொன்ன எண்ணிக்கையை ரோபோ அப்படியே எடுத்து வைத்தது. வேறு வார்டிலிருந்து அன்றைக்கு மாற்றாக வந்திருந்த நர்ஸுக்கு இத்தனை மாத்திரையா என்று உறுத்தியது, ஆனால் பார்கோடு சரி என்று காட்டியது, டாக்டரும் பார்மசியும் பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்கள் என்று கொடுத்துவிட்டார். பையன் அத்தனையையும் விழுங்கினான். அடுத்த சில மணி நேரத்தில் கடுமையான வலிப்பு வந்தது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டான். அந்த மருத்துவமனை இதை மூடி மறைக்காமல் வெளியே சொல்ல ஒப்புக்கொண்டதால்தான் நமக்கெல்லாம் தெரிய வந்தது, அதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கவனியுங்கள், அங்கே மருந்தாளுநர் சரிபார்ப்பு இருந்தது. இருந்தும் தப்பியது. ஐந்து சதவீதத்தைத் தாண்டிய வித்தியாசத்தைப் பிடித்த அதே நடைமுறை, நாற்பது மடங்கு பக்கம் போன வித்தியாசத்தை விட்டுவிட்டது. அன்றைக்கு அந்த மருந்தாளுநர் ஃபோனுக்கும் கவுண்ட்டருக்கும் நடுவில் மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தார். ஆகவே மருந்தாளுநர் ஒருவரை உட்கார வைத்து, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு பொத்தானைக் கொடுத்து, அவர் அதை அமுக்காமல் பில் நகராது என்று வைத்துவிட்டால் நோயாளிக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. தணிக்கைக்கு வருகிறவர்கள் காட்டச் சொல்லும் தாளில் நூற்றுக்கு நூறு வரும், அவ்வளவுதான். சரிபார்ப்பு என்றால் படிக்க நேரம், பார்க்க ரிப்போர்ட், நிறுத்தி வைக்க அதிகாரம் என்று மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் மூன்றில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

நேரத்தைப் பற்றி. காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் எல்லா வார்டிலிருந்தும் இண்டென்ட், அதாவது மருந்து கேட்டு அனுப்பும் பட்டியல், ஒரே நேரத்தில் கொட்டும். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் ரிட்டர்ன் மருந்துகள் ஒரு பக்கம், இன்ஷூரன்ஸ் பில் ஒரு பக்கம், மருந்து இன்னும் வரவில்லை என்று வார்டிலிருந்து ஃபோன் ஒரு பக்கம். எத்தனை நிமிடத்தில் மருந்து வார்டுக்குப் போனது என்று எங்களை அளக்கிறார்கள், எத்தனை தவறைத் தடுத்தோம் என்று யாரும் அளப்பதில்லை. தடுத்த தவறு கண்ணுக்குத் தெரியாது, தாமதம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். இரவில் நிலைமை இன்னும் மோசம், ஓர் ஆள், சில இடங்களில் பதிவு பெற்ற மருந்தாளுநரே இல்லாமல் உதவியாளர் மட்டும். 1948-ஆம் வருட மருந்தியல் சட்டம், டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கிற வேலையைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்தான் செய்ய வேண்டும் என்று 42-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது, ஆனால் அது பகலுக்கு மட்டும் உள்ள சட்டம் போல நடத்துகிறார்கள்.

அதிகாரம் பற்றிச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான், இருந்தாலும் சொல்கிறேன். சீட்டில் சந்தேகம் வந்தால் நாங்கள் டாக்டருக்கு ஃபோன் செய்ய வேண்டும். ‘சார், அந்த 12-ஆம் நம்பர் பெட் பேஷண்ட்டுக்கு கிரியேட்டினின் ஏறியிருக்கு, டோஸ் ஒரு தடவை பார்த்துடுறீங்களா?’ என்று கேட்டால், ‘அட ஆமா, நல்ல வேளை சொன்னீங்க’ என்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு வேலை செய்வதே ஒரு சந்தோஷம். ‘நான் எழுதினதை நீ திருத்துறியா, போட்டதை அனுப்பு’ என்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு தடவை திட்டு வாங்கிய இளம் மருந்தாளுநர் அடுத்த தடவை ஃபோனை எடுக்க யோசிப்பார், அந்த யோசனைக்கு விலை கொடுப்பது கட்டிலில் படுத்திருப்பவர். இது டாக்டர்களின் அறிவைச் சந்தேகிக்கிற விஷயமே இல்லை. இங்கிலாந்தில் 19 மருத்துவமனைகளில் ஒரு லட்சத்து 24 ஆயிரத்துக்கு மேற்பட்ட மருந்து உத்தரவுகளைப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 8.9 உத்தரவுகளில் ஏதோ ஒரு தவறு இருந்தது. புதிதாக வந்த பயிற்சி டாக்டர் முதல் மூத்த நிபுணர் வரை எல்லாப் படியிலும் தவறு இருந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை நோயாளியைத் தொடும் முன்பே பிடிக்கப்பட்டன, பிடித்தவர்களில் வார்டுக்கே போய்ப் பார்க்கும் மருந்தாளுநர்களுக்குப் பெரிய பங்கு. அமெரிக்காவில் 1999-இல் வந்த இன்னொரு ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவு ரவுண்ட்ஸில் மருந்தாளுநர் கூடவே போனதால், மருந்து எழுதும் கட்டத்தில் நேர்ந்து நோயாளிக்குத் தீங்கு செய்யும் தவறுகள் 66 சதவீதம் குறைந்தன. அங்கே மருந்தாளுநர் சொன்னதை டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அதனால்தான் குறைந்தது.

நம் நாட்டு நிகழ்வு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1998-இல் கொல்கத்தாவில் தோல் ஒவ்வாமைக்குச் சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணுக்கு டெப்போ வகை ஸ்டீராய்டு ஊசி 80 மில்லிகிராம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று எழுதப்பட்டது. ஒரு தடவை போட்டால் பல நாட்களுக்கு உடம்பில் நின்று மெதுவாக வேலை செய்கிற ஊசி அது. அவர் இறந்துபோனார். கணவர் விடாமல் வழக்கு நடத்தி, உச்ச நீதிமன்றம் 2009-இல் மருத்துவ அலட்சியம் என்று தீர்ப்புச் சொல்லி, 2013-இல் கிட்டத்தட்ட 6 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தீர்ப்பு டாக்டர்களையும் மருத்துவமனையையும் பற்றியது. நான் ஒரு மருந்தாளுநராக அதைப் படிக்கும்போது எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: டெப்போ ஊசி, தினம் இரண்டு வேளை என்ற சீட்டு ஒரு மருந்தகத்தைத் தாண்டித்தானே போயிருக்கும்? அங்கே ஒருவர் ‘இது தினமும் போடுகிற ஊசி இல்லையே’ என்று கேட்டிருக்கலாம் அல்லவா?

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்லவே முடியாது. இந்திய மருந்தியல் கவுன்சில் 2015-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகளில், சீட்டு கைக்கு வந்ததும் பதிவு பெற்ற மருந்தாளுநர் அதை ஆராய வேண்டும், ஒவ்வாமை, அளவு, எத்தனை நாள், ஒரு மருந்தோடு இன்னொன்று மோதுமா, நோயாளியின் நோய்க்கு ஒத்துவருமா என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். படித்தவர்களுக்கும் குறைவில்லை. 2008-இல் ஃபார்ம்.டி. என்ற ஆறு வருடப் படிப்பைத் தொடங்கினார்கள், கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையிலேயே பயிற்சி. வார்டில் நின்று இந்த வேலையைச் செய்வதற்காகவே உருவாக்கிய படிப்பு. தமிழ்நாட்டில் எத்தனையோ கல்லூரிகள் அதை நடத்துகின்றன. படித்து முடித்த பிள்ளைகள் எங்கே போகிறார்கள் தெரியுமா? பலர் மெடிக்கல் கோடிங் கம்பெனிகளில் அமெரிக்க இன்ஷூரன்ஸ் பில்லுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், சிலர் வெளிநாடு போய் அங்கே இதே சரிபார்ப்பு வேலையை நல்ல சம்பளத்துக்குச் செய்கிறார்கள். என் ஜூனியர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே மனசு கனக்கிறது.

அரசு மருத்துவமனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990-களில் தொடங்கி மருந்து வாங்குவதிலும் கிடங்கு நடத்துவதிலும் நாடே பார்த்துக் கற்றுக்கொள்ளும் முறையை உருவாக்கியது, அதில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. ஆனால் மருந்து வந்து சேர்ந்த பிறகு, புறநோயாளிகள் ஜன்னலில் நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நிற்க, உள்ளே இருக்கும் மருந்தாளுநர் மாத்திரையை எண்ணிக் கொடுப்பதற்கே நேரம் போதாமல் கை ஓய்ந்து போகிறார். அவரிடம் நாளை ஒரு கணினியைக் கொடுத்து இதையும் சரிபாருங்கள் என்றால் என்ன நடக்கும்? ஆள் சேர்க்காமல் கணினியை மட்டும் சேர்த்தால் சான் பிரான்சிஸ்கோவில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலாவது, தீவிர சிகிச்சை, குழந்தைகள், புற்றுநோய், சிறுநீரகப் பிரிவுகளில் மட்டுமாவது, வார்டுக்கென்று தனி மருந்தாளுநர் பணியிடங்களை அரசு உருவாக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்கவில்லை, ஆபத்து அதிகமுள்ள இடத்தில் தொடங்கட்டும்.

தனியார் நிர்வாகங்களிடம் கேட்பது இன்னும் எளியது, இதற்குப் பெரிய செலவும் இல்லை. அவசர மருந்து தவிர மற்றது எதுவும் மருந்தாளுநர் படித்துப் பார்த்து விடுவிக்கும் முன்பு வார்டின் டிரக் சார்ட்டில் ஏறக்கூடாது. எடை, வயது, கிரியேட்டினின், ஒவ்வாமை இந்த நான்கும் மருந்துப் பட்டியல் இருக்கும் அதே திரையில் தெரிய வேண்டும், வேறு பக்கம் போய்த் தேட வைக்கக்கூடாது. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு வாரம் ஒரு முறை என்பதுதான் தானாக வந்து நிற்க வேண்டும், தினமும் என்று மாற்றினால் என்ன நோய்க்கு என்று காரணம் எழுதாமல் மென்பொருள் நகரக்கூடாது. பில் போடும் ஆளும் சீட்டைப் படிக்கும் ஆளும் வேறு வேறாக இருக்க வேண்டும், இதை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், ஒரே ஆள் இரண்டையும் செய்தால் பில்தான் ஜெயிக்கும். பொருத்தமில்லாத எச்சரிக்கைகளை டாக்டர்களும் நாங்களும் சேர்ந்து உட்கார்ந்து குறைத்து, மிச்சமிருக்கும் கொஞ்சத்தை யாராலும் தள்ளிவிட முடியாதபடி வைக்க வேண்டும். மருந்தாளுநர் ஃபோன் செய்து சொன்னதும் அதற்கு டாக்டர் சொன்ன பதிலும் பதிவாக வேண்டும், மாதம் ஒரு தடவை அதை எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும், யாரையும் தண்டிப்பதற்காக இல்லாமல்.

டிஸ்சார்ஜ் சீட்டை மறந்துவிடக் கூடாது. வார்டில் இருக்கும்வரை நாலு பேர் பார்க்கிறார்கள், வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் சீட்டை நோயாளி மட்டும்தான் பார்க்கிறார். ஆஸ்பத்திரியில் தொடங்கிய மருந்து, ஏற்கெனவே வீட்டில் சாப்பிட்ட மருந்து, இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் சீட்டு போய்விடுகிறது. வீட்டில் பழைய பிரஷர் மாத்திரை ஒரு பெயரில், புதுச் சீட்டில் அதே மாத்திரை வேறு பெயரில், பெரியவர் இரண்டையும் போட்டுக்கொண்டு தலைசுற்றி விழுகிறார். டிஸ்சார்ஜ் சம்மரியில் கையெழுத்துப் போடும் முன்பு மருந்தாளுநர் ஒருவர் அந்தப் பட்டியலைப் பார்த்து, நோயாளியிடமும் வீட்டாரிடமும் தமிழில் விளக்கி அனுப்ப ஒரு பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

படிக்கிற உங்கள் வாசகர்களும் சிலவற்றைச் செய்யலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மருந்தையும், சித்த மருந்தோ சத்து மாத்திரையோ எதுவானாலும், அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். சிஸ்டர் மாத்திரை கொண்டுவந்தால் என்ன மாத்திரை, எதற்கு என்று கேளுங்கள், நேற்று வந்ததுபோல இல்லையே என்று தோன்றினால் விழுங்கும் முன்பு சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை. மருந்தால் ஏதாவது பாதிப்பு வந்ததாகத் தோன்றினால் மத்திய அரசின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, பொதுமக்களும் அழைக்கலாம். அப்புறம் அட்மிஷன் போடும்போது அறை வாடகை எவ்வளவு, ஏ.சி. உண்டா என்று கேட்கிறோமே, அதோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: இங்கே டாக்டர் எழுதும் மருந்தை நோயாளிக்குக் கொடுக்கும் முன்பு பதிவு பெற்ற மருந்தாளுநர் யாராவது படித்துப் பார்க்கிறாரா, இரவிலும் பார்க்கிறாரா? பத்துப் பேர் கேட்டால் நிர்வாகம் யோசிக்கத் தொடங்கும், நாங்கள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பதற்கும் அப்போது ஒரு பலம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு மருத்துவமனை மருந்தாளுநர்,
திருச்சி.